அடுத்த ஊர்க் கிணற்றடியில்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, முதலாம் ஆண்டு
விடுதலைப் பயணம் 17:3-7, யோவான் 4:5-42



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் ஒரு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்குப் போகிற வழி. நடந்த களைப்பு, உச்சி வெயில், தாகம். சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். அவர் கையில் செம்பும் இல்லை, கயிறும் இல்லை. அது அவருடைய ஊரும் இல்லை. யூதர்கள் சமாரியர் வீட்டுப் பாத்திரத்தைத் தொடாத காலம் அது. அப்படிப்பட்ட இடத்தில், குடத்தோடு வந்த ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்.

இந்தப் பகுதியை வைத்து மறையுரை ஆற்றுகிறவர்கள் வழக்கமாக ஆண்டவர் தருகிற வாழ்வு தரும் தண்ணீருக்குச் சீக்கிரம் போய்விடுவோம். அது சரிதான், நற்செய்தியின் உச்சம் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் இன்று கொஞ்ச நேரம் அந்தக் கிணற்றுத் தண்ணீரோடேயே நில்லுங்கள் என்று கேட்கிறேன். ஆண்டவருக்கு எடுத்த தாகம் உண்மையான தாகம். அவர் கேட்டதும் உண்மையான தண்ணீர்.

அந்தப் பெண் அவரிடம் கிணற்றின் வரலாற்றைச் சொல்கிறார். தங்கள் தந்தை யாக்கோபு தந்துபோன கிணறு அது. யாக்கோபு அதில் குடித்தார், அவருடைய மக்கள் குடித்தார்கள், ஆடுமாடுகளும் குடித்தன. யாக்கோபின் காலத்துக்கும் இயேசுவின் காலத்துக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. இத்தனை தலைமுறை இறைத்த பிறகும், வேற்று ஊரிலிருந்து வந்த ஒரு வழிப்போக்கர் கேட்டால் கொடுக்க அங்கே தண்ணீர் இருந்தது. பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோவில் ஒன்றுக்குள் அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. சுமார் 40 மீட்டர் ஆழம். திருப்பயணம் போகிறவர்கள் இப்போதும் அதில் இறைத்துக் குடிக்கிறார்கள்.

நாம் யாருடைய கிணற்றில் குடிக்கிறோம்? சென்னையில் இருக்கிற நமக்கு இது கேட்கவேண்டிய கேள்வி. குழாயைத் திறந்தால் மெட்ரோ வாட்டர் வருகிறது, வராவிட்டால் லாரிக்குச் சொல்கிறோம், குடிப்பதற்குக் கேன் போடச் சொல்கிறோம். அதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது என்று நாம் கேட்பதில்லை.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகள் உங்களுக்குத் தெரியும். நான்கும் நிரம்பினால் சுமார் 11 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். பெருகிப்போன நகரத்துக்கு அது என்றோ போதாமல் போய்விட்டது. 1970-களின் நடுவில் மராட்டியமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டி.எம்.சி. கிருஷ்ணா நீரை நமக்காக விட்டுத்தர ஒப்புக்கொண்டன. 1983-இல் ஒப்பந்தம் போடப்பட்டு, 1996-இல் அந்தத் தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி வரை சுமார் 177 கிலோமீட்டர் கால்வாய். அதன் பெரும்பகுதி ஆந்திர மண்ணில், அங்குள்ள விவசாயிகளின் வயல்களுக்கு நடுவில் ஓடுகிறது. தங்கள் வயல் வாடும் ஆண்டிலும் நமக்கு வரும் தண்ணீரை அவர்கள் வரப்பில் நின்று பார்க்கிறார்கள். அவர்களுக்காக நாம் இந்தப் பீடத்திலிருந்து ஒருமுறையாவது மன்றாடியிருக்கிறோமா?

தெற்கே வீராணம். சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் 40,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவது. 2004-இலிருந்து அந்தத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் ராட்சதக் குழாய்களில் நமக்கு வருகிறது. ஏரியில் நீர் குறைகிற ஆண்டில், குழாய்க்கு எவ்வளவு, வாய்க்காலுக்கு எவ்வளவு என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியின் மறுமுனையில் நாற்று நட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற ஒரு குடும்பம் இருக்கிறது.

வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நடந்ததை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நகரத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஓடுகிற வளமான நிலம் அது. மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தார்கள். விவசாயிகளும் எடுத்தார்கள். மழை கொடுப்பதைவிட மனிதர் எடுப்பது அதிகமானபோது, காலியான இடத்துக்குள் கடல் வந்தது. நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே உப்புநீர் ஏறிவிட்டது. கரும்பும் நெல்லும் விளைந்த இடத்தில் கிணற்றுநீர் வாயில் வைக்க முடியாமல் போனது. கடல் புகுந்த அந்த வட்டாரத்தின் கரையில், காட்டுப்பள்ளியில், 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தோம். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவழித்து அதே கடலிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிக்கிறோம். மண் இலவசமாகச் சுத்தம் செய்து கொடுத்த தண்ணீரை நாம் காப்பாற்றவில்லை. இப்போது இயந்திரத்திடம் கேட்கிறோம். பிரித்தெடுத்த அடர் உப்புநீர் திரும்பவும் கடலுக்கே போகிறது. அந்தக் கரையில் மீன் பிடிக்கிற மக்களும் நம் அயலார்தான்.

ஆண்டவர் வேற்று ஊர்க் கிணற்றடியில் உட்கார்ந்து கேட்டார். நகரம் கேட்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. இந்த வேறுபாடு என் மனதை உறுத்துகிறது. கேட்கிறவர் கொடுக்கிறவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தப் பெண் யார், அவர் வாழ்க்கை என்ன என்று ஆண்டவர் பேசத் தொடங்குகிறார். தண்ணீர் கேட்டதிலிருந்துதான் அந்த உறவே பிறக்கிறது.

முதல் வாசகத்துக்கு வருவோம். பாலைநிலத்தில் தண்ணீர் இல்லாமல் மக்கள் மோசேயிடம் சண்டைக்கு வருகிறார்கள். பிள்ளைகளையும் கால்நடைகளையும் தாகத்தால் சாகடிக்கவா கூட்டிவந்தாய் என்று கேட்கிறார்கள். நம்பிக்கை இல்லாத மக்கள் என்று அவர்களை எளிதாகக் குறை சொல்லிவிடலாம். 2019 கோடையைப் பார்த்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளும் வறண்டு தரை வெடித்துக் கிடந்தன. நாளொன்றுக்கு சுமார் 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் 52 கோடி லிட்டரளவுக்குக் குறைத்தது. ஓட்டல்கள் சில மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. நகரம் முழுவதும் அதை வேடிக்கை பார்த்தது. நகரின் ஒரு நாள் தேவையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை அனுப்பிய வேலூர்ப் பகுதியும் அந்த ஆண்டு வறட்சியில் வாடிய பகுதிதான்.

அந்தக் கோடை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் கேட்ட விலைக்கு லாரித் தண்ணீர் வாங்கின. காசு இல்லாத தெருக்களில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தார்கள். வேலைக்குப் போகாமல் நின்றவர்கள் உண்டு, பள்ளிக்குப் போகாமல் நின்ற பெண்பிள்ளைகள் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் பெறுவது மனிதர் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று எழுதினார். அது இல்லாமல் வேறெந்த உரிமையையும் மனிதர் அனுபவிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். குடத்தோடு நின்ற அந்தப் பெண்பிள்ளைகளை வைத்து அந்த வரிகளைப் படித்துப் பாருங்கள்.

முதல் வாசகத்தில் மோசே அடித்த பாறையிலிருந்து தண்ணீர் வந்தபோது அது எல்லோருக்கும் வந்தது. முன்வரிசையில் நின்றவர்களுக்கு அதிகம், பின்னால் நின்றவர்களுக்குக் கொஞ்சம் என்று விவிலியம் சொல்லவில்லை.

தண்ணீர் வருகிற முனையைப் பார்த்தோம். போகிற முனையையும் பார்க்க வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டிய குப்பை நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. இந்த மாநகரம் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பையை வெளியே தள்ளுகிறது. பல பத்தாண்டுகளாக அது வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் மலையாய்க் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேலேயே கொட்டப்பட்டது. தென்சென்னையின் மழைநீரை வாங்கி, மெதுவாகக் கடலுக்கு அனுப்பி, மீதியை மண்ணுக்குள் இறக்குகிற நிலம் அது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டு உலகமே மதிக்கிற நிலம். அதன் பெரும்பகுதியைக் குப்பையாலும் கட்டடங்களாலும் மூடிவிட்டோம். பிறகு 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததே என்று வருந்தினோம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவில் நான்கே ஆண்டுகள். இரண்டையும் பெரிதாக்கிய காரணம் ஒன்றுதான். மழை நின்று இளைப்பாற நாம் இடம் வைக்கவில்லை.

2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை தீப்பிடித்து எரிந்தபோது புகை பல நாள் அடங்கவில்லை. இப்போது இரண்டு கிடங்குகளிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கிற வேலை நடக்கிறது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் மறுநாள் காலையில் நாம் மீன்செதிலையும் பால்கவரையும் பழைய பேட்டரியையும் ஒரே பையில் கட்டிப் போட்டால், மீட்கிற வேலைக்கு எங்கே முடிவு வரும்? கொடுங்கையூரில் நம் சொந்த மக்கள் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாமல் பிள்ளைகளை வளர்த்தவர்கள். மாநகரத்தின் அழுக்கெல்லாம் ஏன் வடசென்னைக்கே வரவேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். நல்ல சமாரியர் உவமைக்கு முன்னால் திருச்சட்ட அறிஞர், தன் அயலார் யார் என்று ஆண்டவரிடம் கேட்டாரே, அதே கேள்விதான் இது.

சாக்கடைக்குள் இறங்குகிறவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த சட்டம் 2013-இல் வந்தது. பாதாளச் சாக்கடையில் மூச்சுத் திணறி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருந்தும் சாவுகள் நிற்கவில்லை என்பதால்தான் தொகையை உயர்த்த வேண்டியிருந்தது. நம் வீட்டுக் கழிவுத்தொட்டி அடைத்துக்கொண்டால் செலவு குறைவு என்று யாரையாவது இறக்குகிறோம். இயந்திர வண்டிக்குச் சொல்ல ஆகிற கூடுதல் பணத்தைக் கணக்குப் பார்க்கிறோம். அன்பானவர்களே, இது கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளையைச் சேர்ந்த காரியம். நான் இதைக் கடுமையாகவே சொல்கிறேன். இந்தத் தவக்காலத்தில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது, குடும்பச் சண்டையையும் பொய்யையும் சொல்வதைப் போல இதையும் சொல்லுங்கள். படைப்புக்கு எதிராகச் செய்வது பாவம் என்று கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு போதித்ததைத் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலிலேயே எடுத்துச் சொல்கிறார். படைப்பின் உச்சமான மனிதருக்கு எதிராகச் செய்வதை என்னவென்று சொல்வது?

இனி செய்யவேண்டியது என்ன என்று கேட்பீர்கள். தொடக்க நூல் 26-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். மகன் ஈசாக்கு வந்து தன் தகப்பனின் கிணறுகளைத் திரும்பத் தோண்டுகிறார், தகப்பன் வைத்த பெயர்களையே அவற்றுக்கு வைக்கிறார். பிறகு புதுக் கிணறு தோண்டினால் பக்கத்து மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். விட்டுவிட்டு வேறிடத்தில் தோண்டுகிறார், அங்கேயும் சண்டை. மூன்றாவது இடத்தில் யாரும் சண்டைக்கு வரவில்லை. மீட்பின் வரலாற்றில் ஈசாக்கு செய்ததாக விவிலியம் அதிகம் சொல்வதில்லை. சொல்கிற கொஞ்சத்தில், தூர்ந்த கிணறுகளைத் திரும்பத் தோண்டினார் என்பது ஒன்று. தூய ஆவியார் அதை எழுதிவைக்கத் தகுந்த காரியமாக நினைத்திருக்கிறார்.

நம் கிணறுகளை எந்தப் பெலிஸ்தியரும் தூர்க்கவில்லை, நாமேதான் தூர்த்தோம். மாம்பலத்திலும் நுங்கம்பாக்கத்திலும் இருந்த பெரிய ஏரிகளின் மேல் இன்று தெருக்கள் இருக்கின்றன. அந்த ஏரிகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் கூரை நம் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயமானது. இந்தியாவுக்கே முன்மாதிரியாக இருந்த முயற்சி அது. அடுத்த சில ஆண்டுகளில் பல இடங்களில் கிணற்றுநீர் மட்டம் ஏறியது. இப்போது உங்கள் வீட்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். குழாய் உடைந்திருக்கும், தொட்டியில் மணலும் இலையும் அடைத்திருக்கும், சில வீடுகளில் குழாய் தெருச் சாக்கடைக்கே திருப்பப்பட்டிருக்கும்.

சென்னையில் ஆண்டுக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது. கொஞ்சம் ஆவியாகும், முதல் மழையின் அழுக்குநீரை வெளியே விடவேண்டும். அப்படியும் ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் மண்ணுக்குள் போகும். இந்தக் கோவிலின் கூரை சுமார் ஐந்நூறு சதுர மீட்டர். ஆண்டவர் இந்தக் கூரையின் மேல் ஏழு லட்சம் லிட்டர் தண்ணீரைக் கேட்காமலே தருகிறார். அதைத் தெருவில் ஓடவிட்டுவிட்டு, உள்ளே வந்து மழைக்காக மன்றாட நமக்கு நாக்கு எழுமா?

கோடை முடிவதற்குள் கோவில் கூரையின் குழாய்களையும் உறைகிணற்றையும் சரிசெய்யப் பங்குப் பேரவை முடிவெடுத்திருக்கிறது. வீடுகளுக்கான வேலையை நம் பங்கின் அன்பியக் குழுக்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டில் குழாய் உடைந்திருக்கிறது, எந்த வீட்டில் செலவுக்குப் பணமில்லை என்று உங்களுக்குத்தான் தெரியும். தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதியை அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒதுக்குகிறோம். ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள். அது ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தத் தண்ணீரைப் பிடித்துத் தரை துடையுங்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

திருவிழா பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோவிலுக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் நம் பங்கிலும் பல பேர் இருக்கிறீர்கள். வழியெங்கும் மோரும் சாப்பாடும் கொடுக்கிற கைகளை அன்னை ஆசீர்வதிப்பார். கூட்டம் போன பிறகு அந்தச் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? டம்ளரும் தட்டும் தண்ணீர் பாக்கெட்டும் மழைநீர் வடிகாலின் வாயில் அடைத்துக் கிடக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் பொருட்களுக்கு இம்மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. திருவிழா நடக்கிற அந்த நாட்களில்தான், செப்டம்பர் 1-ஆம் தேதி, படைப்பைப் பேணுவதற்காகத் திருச்சபை உலகமெங்கும் மன்றாடுகிறது. இந்த ஆண்டு நம் பங்கிலிருந்து நடக்கிறவர்கள் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடங்கள். மோர் கொடுக்கிறவர்களும் டம்ளர் கொண்டுவருகிறவர்களுக்கு ஊற்றுங்கள்.

நகரத்துக்கு இன்னும் பெரிய வேலைகள் இருக்கின்றன, அவற்றில் சில நடக்கவும் செய்கின்றன. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிற நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. அவ்வளவு நல்ல தண்ணீர் மனிதர் குடிக்க மிஞ்சுகிறது. இப்படிப்பட்ட காரியங்களை வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். அதையும் இறைப்பணியாகவே நினைத்துச் செய்யுங்கள். அடிமைகளாகப் பாபிலோனுக்குப் போனவர்களிடமே, அந்த நகரத்தின் நலனுக்காக உழைத்து மன்றாடும்படி எரேமியா இறைவாக்கினர் எழுதினார். இது நம் சொந்த நகரம்.

கடைசியாகப் பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்குக்கு வழக்கமாகப் பன்னிரண்டு பேரை அன்பியங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவீர்கள். இந்த ஆண்டு நம் தெருக்களில் குப்பை வாங்குகிறவர்களும், சாக்கடை அடைப்பு எடுக்கிறவர்களும், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்களும் அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் பங்கிலேயே அந்த வேலை செய்கிற குடும்பங்கள் உண்டு. வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள் வர விரும்பினால் அவர்களும் நம் விருந்தினராக முன்வரிசையில் அமரட்டும், திருப்பலிக்குப் பிறகு நம்மோடு சாப்பிடட்டும். தினமும் உங்கள் வாசலுக்கு வருகிறவரின் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய், விருப்பமா என்று கேளுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். அன்று வேலைக்குப் போகாததால் கூலி குறையும் என்றால் அதை அன்பியமே ஈடுகட்டட்டும். சம்மதித்தவர்களின் பெயர்களைக் குருத்து ஞாயிறுக்குள் பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.